‘சாப்டியா?’ முதல் ‘ஓ நெகட்டிவ்’ வரை

வெட்டி அரட்டை என்று வீட்டில் திட்டு வாங்கித் தரும் நண்பர்கள் குழுக்கள் உண்மையில் என்ன செய்துகொண்டிருக்கின்றன?

அன்று இரவு எட்டு மணியிலிருந்தே குழுவில் ஒரே ரகளை. தஞ்சை மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் 1993-ல் பிளஸ் டூ முடித்த எங்கள் செட்டின் வாட்ஸ்அப் குழு அது. பள்ளியில் நாங்கள் ‘சயின்டிஸ்ட்’ என்று பெயர் வைத்தவன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறான். மகனுடைய பைக்கில் சாய்ந்து, கூலிங் கிளாஸ் போட்டு எடுத்த படத்தை அனுப்பியிருந்தான். விடுவார்களா?

“வண்டி யாருது மாப்ள? பையன் பாத்தானா?”

“தொப்பைய இன்னும் கொஞ்சம் எக்கிப் புடிச்சிருக்கலாம்.”

“கண்ணாடிய கழட்டுடா, பொழுது சாஞ்சு ரெண்டு மணி நேரம் ஆச்சு.”

இடையிடையே வடிவேலு ஸ்டிக்கர்கள். சயின்டிஸ்டும் சளைக்காமல் எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான். 11.38-க்கு, வகுப்பில் லீடராக இருந்ததால் இன்றுவரை ‘லீடர்’ என்றே அழைக்கப்படுகிறவன் எழுதினான்: “பொண்ணுக்குப் பிரசவம். திருச்சி ஆஸ்பத்திரில இருக்கோம். பிளீடிங் நிக்கல. ஓ நெகட்டிவ் ரெண்டு யூனிட் கேக்குறாங்க. இங்க இல்லையாம்.”

அதன் பிறகு ஒரு ஸ்டிக்கர்கூட விழவில்லை. மெடிக்கல் ரெப்பாக இருக்கும் நண்பன் ரத்த வங்கிகளின் எண்களை ஒவ்வொன்றாகப் போட்டான். துபாயில் இருப்பவன், “நீ யாருக்கும் போன் பண்ணாத, பொண்ணுகிட்ட இரு. நம்பர் எல்லாம் நான் பாத்துக்குறேன்” என்று எழுதிவிட்டு அங்கிருந்தே ஒவ்வொரு எண்ணாக அழைத்தான். ஸ்ரீரங்கத்து நண்பனிடமிருந்து 11.51-க்கு வந்தது: “மச்சினனுக்கு ஓ நெகட்டிவ். எழுப்பிட்டேன். வண்டிய எடுத்துட்டோம்.” இன்னொரு யூனிட் ஒரு ரத்த வங்கியில் கிடைத்தது. சயின்டிஸ்ட் குழுவில் எதுவும் எழுதவில்லை. லீடரின் ஜிபேயில் மட்டும் பத்தாயிரம் ரூபாய் ஏறியிருந்தது.

அதிகாலை இரண்டு மணி தாண்டி லீடர் எழுதினான்: “ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. பேரன்டா.” அடுத்த நிமிடமே முதல் பதில்: “யோவ் தாத்தா!”

இந்தியாவில் நூறு பேரில் சுமார் ஐந்து பேருக்கே நெகட்டிவ் வகை ரத்தம். அதிலும் ஓ வகை இன்னும் குறைவு. அந்த மச்சினனுக்கு ஓ நெகட்டிவ் என்பது எப்படி உடனே நினைவுக்கு வந்தது? சில மாதங்களுக்கு முன் “என் மச்சினன் ரத்தமே தனி ரகம், பேச்சு மட்டும் பாசிட்டிவ்வா வராது” என்று அவனை வைத்து ஓட்டிய ஓர் இரவு இருந்தது. யார் இரவில் விழித்திருப்பான், யார் கேட்காமலே பணம் போடுவான், யாரிடம் எந்த ஆஸ்பத்திரி எண் இருக்கும் என்பதெல்லாம் இப்படிப்பட்ட இரவுகளில்தான் தெரிந்துகொண்டோம். அடிபம்பில் முதலில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால்தான் தண்ணீர் ஏறும். தினசரி அரட்டை அந்தச் செம்புத் தண்ணீர்.

தொலைந்தவர்கள் கிடைத்தார்கள்

நாற்பதைத் தாண்டிய தமிழர்களில் ஏதாவதொரு ‘செட்’ குழுவில் இல்லாதவரைப் பார்ப்பது இன்று கடினம். ஆனால் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இது கிடையாது. பள்ளி முடித்தோம், ஆட்டோகிராப் நோட்டில் எழுதினோம், பிரிந்தோம். 2004-ல் வந்த ஆர்குட் கல்லூரி நண்பர்களைச் சேர்த்தது. 2014 செப்டம்பரோடு அது மூடப்பட்டது. அதற்கு முன்பே முகநூல் வந்திருந்தது. இவையெல்லாம் கம்ப்யூட்டர் முன் உட்காரத் தெரிந்தவர்களுக்கானவை. லாரி ஓட்டும் நண்பனும், ஊரில் விவசாயம் பார்ப்பவனும், கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவனும் அதில் இல்லை.

2009-ல் தொடங்கிய வாட்ஸ்அப்பும், 2016 செப்டம்பர் 5-ல் வந்த ஜியோவும் சேர்ந்துதான் அவர்களைக் கொண்டுவந்தன. டேட்டா விலை சரிந்தது. தட்டச்சு வராதவர்கள் குரல் பதிவில் பேசினார்கள். பத்துப் பேர் இருபதானார்கள், இருபது ஐம்பதானது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய வகுப்பறையில் சந்திப்பு, ஒரே நிற டீ-சர்ட், ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்குச் சால்வை, வாழையிலைச் சாப்பாடு, பள்ளிக்கு ஒரு குடிநீர் எந்திரம். தமிழ்நாட்டின் எந்த ஊருக்குப் போனாலும் இந்தக் கதை அச்சு மாறாமல் கிடைக்கும்.

டீ-சர்ட்டோடு முடிந்துபோன குழுக்களும் உண்டு. நிலைத்தவை எவை என்று பார்த்தால், பெரிய காரியம் செய்யத் திட்டம் போட்டவற்றைவிடச் சின்ன விஷயங்களைப் பேசிக்கொண்டே இருந்தவைதான். “சாப்டியா?”, “அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?”, “அந்த மெக்கானிக் நம்பர் குடு.” இதற்கு மேல் அவற்றில் பெரிதாக எதுவும் இல்லை.

கிராப்பு இல்லாத கிராப்பு

பள்ளியில் தலைமுடியை நெற்றியில் ஏற்றிச் சீவியதால் ‘கிராப்பு’ என்று பெயர் வாங்கியவன் ஒருவன் எங்கள் செட்டில் இருக்கிறான். கூட்டுறவு வங்கியில் வேலை. அவனுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த வாரம் குழுவில் யாருக்கும் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. கும்பிடும் கைகளாக வந்து விழுந்தன. அதைப் பார்த்துப் பார்த்து அவனுக்கே அலுத்துவிட்டது. இரண்டாவது கீமோவுக்குப் பிறகு மொட்டைத் தலையோடு ஒரு படத்தைப் போட்டான். “இனிமே என்னடா பேர்ல கூப்புடுவீங்க?”

சில நிமிடங்கள் யாரும் எழுதவில்லை. பிறகு ஒருவன் துணிந்தான்: “கிராப்பு இல்லாத கிராப்பு.” இன்னொருவன்: “பழனிக்குப் போகாமலே காரியத்த முடிச்சிட்ட.” அன்று இரவு கிராப்பு ஒரு குரல் பதிவு அனுப்பினான். “வீட்ல எல்லாரும் என்கிட்ட மெதுவாப் பேசுறாங்க. டிவி சத்தத்தக் கொறச்சு வைக்கிறாங்க. நீங்கதான்டா இன்னும் திட்டுறீங்க. விட்றாதீங்க.”

விடவில்லை. ஒவ்வொரு கீமோ நாளிலும் யாராவது ஒருவர் பள்ளிக்கூடத்துக் கதை ஒன்றைக் குரல் பதிவாக அனுப்ப வேண்டும் என்று முறை வைத்துக்கொண்டோம். இயற்பியல் ஆய்வகத்தில் பெண்டுலம் காணாமல் போன கதையை மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். மூன்றிலும் திருடன் வேறு வேறு ஆள். பக்கத்து ஊரில் இருந்த நண்பன் ஆட்டோவில் அழைத்துப் போய், டிரிப்ஸ் இறங்கி முடியும் வரை உடன் உட்கார்ந்திருந்தான். கிராப்பு இப்போது வேலைக்குப் போகிறான்.

சிரிப்புக்கு இப்படியொரு வேலை இருப்பதை ஆய்வாளர்களும் கவனித்திருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ராபின் டன்பர் குழு 2012-ல் வெளியிட்ட ஆய்வில், நகைச்சுவைக் காட்சிகளைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தவர்களால் அதன் பிறகு வலியைக் கூடுதலாகத் தாங்க முடிந்தது. உடலிலேயே சுரக்கும் எண்டார்பின் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்றார்கள். மனிதர்கள் தனியாக இருக்கும்போதைவிட மற்றவர்களோடு இருக்கும்போது சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று கண்டவர் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் புரோவைன். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவை நேரில் கூடிச் சிரித்தவர்களைப் பற்றியவை. விரலால் ‘ஹாஹா’ என்று தட்டுவது அதே பலனைத் தரும் என்று இவை சொல்லவில்லை. கிராப்புக்கு உதவியது எழுத்தைவிட அதிகமாகக் குரல்தான் என்று நான் நினைக்கிறேன். நண்பன் சொல்லச் சொல்லச் சிரிப்பை அடக்க முடியாமல் திணறுவது காதில் கேட்க வேண்டும்.

சேர்ந்து சிரிப்பதில் தமிழர்களுக்கு ஓர் உலகச் சாதனையே உண்டு. 2019 மே இறுதியில், முகநூலில் கட்டுமானப் பொறியியல் பக்கம் ஒன்று சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. தமிழர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு, இது விழுந்துதான் காண்ட்ராக்டர் நேசமணிக்கு மண்டையில் அடிபட்டது என்றும் எழுதினார். 2001-ல் வந்த ‘ஃபிரண்ட்ஸ்’ படத்து வடிவேலு பாத்திரம் அது. விவரம் தெரியாத யாரோ நலம் விசாரிக்க, அடுத்த சில மணி நேரத்தில் நேசமணிக்காகப் பிரார்த்திக்கும் ஹேஷ்டேக் உலக அளவில் ட்ரெண்டிங் ஆனது. மத்தியில் புதிய அரசு பதவியேற்ற வாரம் அது. முன்பின் பார்த்திராத லட்சக்கணக்கானவர்கள் ஒரே நகைச்சுவையைக் கையில் வைத்துக்கொண்டு ஓரிரு நாள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள். யாருக்கும் காயமில்லாத சிரிப்பு. அப்படிப்பட்ட இரண்டு நாட்கள் இணையத்தில் அடிக்கடி வருவதில்லை.

ஆஸ்லோவுக்கு வந்த ஐந்து பேர்

பள்ளி நண்பர்களுக்குப் பழைய பெஞ்சாவது உண்டு. ஒருமுறைகூட நேரில் பார்க்காதவர்கள் நண்பர்களாக இருக்க முடியுமா? நார்வே நாட்டுப் பெற்றோர் ராபர்ட், ட்ரூட் ஸ்டீன் தம்பதி இந்தக் கேள்விக்கான பதிலை மகன் இறந்த பிறகுதான் தெரிந்துகொண்டார்கள்.

1989-ல் பிறந்த மாட்ஸ் ஸ்டீனுக்கு டுஷேன் எனும் தசைச்சிதைவு நோய். சிறு வயதிலேயே சக்கர நாற்காலி. வளர வளர விரல்களை மட்டுமே அசைக்க முடிந்தது. நாளின் பெரும்பகுதியை ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற கணினி விளையாட்டில் கழித்தார். மகனுக்கு நட்பு கிடைக்கவில்லை, காதல் கிடைக்கவில்லை, யாருக்கும் பயன்படும் வாழ்க்கையும் கிடைக்கவில்லையே என்று பெற்றோர் மருகினார்கள். 2014 நவம்பரில், 25 வயதில் மாட்ஸ் இறந்தார்.

அவர் எழுதிவந்த வலைப்பக்கத்தின் கடவுச்சொல் தந்தையிடம் இருந்தது. மகன் இறந்த செய்தியை அதில் போட்டு, தன் மின்னஞ்சல் முகவரியையும் தந்தார். கடிதங்கள் வரத் தொடங்கின. ஒன்று, இரண்டு, பிறகு நிற்கவே இல்லை. விளையாட்டில் ‘இபெலின்’ என்ற பெயரில் உலவிய மாட்ஸ், ‘ஸ்டார்லைட்’ என்ற நண்பர் குழுவில் பல ஆண்டுகள் இருந்திருக்கிறார். தினமும் காலையில் விளையாட்டு உலகத்தில் ஓடிக்கொண்டே எல்லோரிடமும் பேசுவார், சீண்டுவார், துக்கத்தில் இருப்பவரோடு உட்கார்ந்திருப்பார். குழுத் தோழி, நெதர்லாந்தைச் சேர்ந்த லிசெட்டின் பெற்றோர் படிப்புக்காக அவளுடைய கணினியைப் பிடுங்கி வைத்தபோது, மாட்ஸ் அந்தப் பெற்றோருக்கே கடிதம் எழுதினார். டென்மார்க்கில் ஒரு தாய்க்கு, ஆட்டிசம் கொண்ட தன் மகனை நெருங்க முடியவில்லை. விளையாட்டில் அவனோடு சேர்ந்து விளையாடிப் பாருங்கள் என்றார் மாட்ஸ். அந்த உலகத்தில்தான் தாயும் மகனும் முதலில் அணைத்துக்கொண்டார்கள்.

இறுதிச் சடங்குக்கு அந்தக் குழுவிலிருந்து ஐந்து பேர் ஆஸ்லோவுக்கு வந்தார்கள். பயணச் செலவுக்கு வழியில்லாதவர்களுக்காகக் குழுவில் மற்றவர்கள் பணம் சேர்த்தார்கள். பெஞ்சமின் ரீ இயக்கிய ‘த ரிமார்க்கபிள் லைஃப் ஆஃப் இபெலின்’ என்ற ஆவணப்படம் இந்தக் கதையைச் சொல்கிறது. 2024-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. பார்க்காதவர்கள் பாருங்கள், வீட்டில் போனும் கையுமாக இருக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள்.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப்படுவது, மாட்ஸ் தன் நோயைப் பல ஆண்டுகள் நண்பர்களிடம் சொல்லவே இல்லை என்பது. அவர்கள் காட்டியது இரக்கம் இல்லை. ஏனென்றால் இரங்க வேண்டியது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. அவர் வேடிக்கையாகப் பேசினார், உதவினார், சில நேரம் எரிச்சலூட்டினார். அதற்காகவே அவரை நேசித்தார்கள்.

பெட்டிச் செய்தி: நட்பும் ஆயுளும்

● ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழு 2010-ல் 148 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய ஆய்வுகள் அவை. வலுவான உறவுகள் உள்ளவர்கள் உயிர்பிழைத்திருக்கும் வாய்ப்பு 50 சதவிகிதம் அதிகம் என்று தெரிந்தது.

● உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் அவதிப்படுகிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை. ஆண்டுக்கு 8 லட்சத்து 71 ஆயிரம் மரணங்களைத் தனிமையோடு தொடர்புபடுத்துகிறது.

● பிரிட்டன் 2018-லும், ஜப்பான் 2021-லும் தனிமைப் பிரச்னைக்கென்றே அமைச்சர்களை நியமித்தன.

● ஒருவரால் உயிர்ப்போடு பேணக்கூடிய உறவுகள் சுமார் 150 என்பது டன்பரின் கணக்கு. அதற்குள்ளேயே நெருக்கத்தைப் பொறுத்து 5, 15, 50 என வட்டங்கள் உண்டு.

“வேலை இருக்கா மாப்ள?”

கொரோனா நாட்களில் வேலை போனவர்கள் வீட்டில் சொல்வதற்கு முன்பே குழுவில் சொன்னார்கள். 2020 மார்ச் 24 இரவு அறிவிக்கப்பட்ட ஊரடங்கு முடிவதற்குள் கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் சென்னையிலும் எத்தனையோ பேருக்குச் சம்பளம் நின்றது. எங்கள் குழுவில் ஒருவன் கேட்டான், “டிரைவர் வேலைன்னாலும் பரவால்ல.” கேட்டவன் ஓட்டல் ஒன்றில் மேனேஜராக இருந்தவன். வேலை வாங்கித் தந்தது அவனுடைய உயிர்த்தோழர்களில் யாருமில்லை. பள்ளி நாட்களில் அவனோடு பத்து வார்த்தைகூடப் பேசியிராத கடைசி பெஞ்சுக்காரன்.

இது தற்செயல் இல்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் எழுதிய கட்டுரை ஒன்று சமூகவியலில் இன்றும் பேசப்படுகிறது. தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்த நபரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி சந்திப்பவர் என்று சொன்னவர்கள் ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்ப்பவர் அல்லது அபூர்வமாகப் பார்ப்பவர்தான் வழிகாட்டினார். காரணம் எளிது. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும். தூரத்து நண்பன்தான் நமக்குத் தெரியாத உலகத்திலிருந்து சேதி கொண்டுவருவான். நெருங்கியவனையும் தூரத்தவனையும் ஒரே குழுவில் உட்காரவைத்து, இருவரையும் ஒரே நகைச்சுவைக்குச் சிரிக்கவைப்பதுதான் செட் குழு செய்யும் வேலை. தூரத்தவனிடம் உதவி கேட்கும் கூச்சம் அதனால் உடைகிறது.

2015 டிசம்பர் 1 இரவு அடையாறு கரை மீறி சென்னை மூழ்கியபோதும் இதைத்தான் பார்த்தோம். பல பகுதிகளில் மின்சாரமும் செல்போன் சிக்னலும் போய்விட்டன. உள்ளே சிக்கியவர் பேச முடியாதபோது வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்த நண்பர்கள் யார் எந்தத் தெருவில், எத்தனையாவது மாடியில் இருக்கிறார்கள் என்று பட்டியல் தயாரித்துப் படகு வைத்திருப்பவர்களிடம் சேர்த்தார்கள். முந்தின வாரம் வரை அவர்கள் சமூக வலைதளக் கணக்குகளில் சினிமா விமர்சனம்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பெண்களைத் தேடுவது ஏன் கடினம்?

எங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டில் கிட்டத்தட்ட பாதிப் பேர் பெண்கள். குழுவில் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆண்களைக் கண்டுபிடிக்க ஊர்ப் பெயர் போதும். அண்ணன் கடை அதே தெருவில்தான் இருக்கும். பெண்களுக்குத் திருமணத்தோடு இனிஷியல் மாறியது, ஊர் மாறியது, பிறந்த வீடு சில இடங்களில் விற்றே போனது. கண்டுபிடித்த பிறகும் பாருங்கள், நாங்கள் கேட்டது அவளுடைய எண், கிடைத்தது கணவரின் எண். “ஆம்பளைங்க இருக்குற குரூப்ல எதுக்கு?” என்ற கேள்வியோடு பல பெயர்கள் நின்றுபோயின.

ஆகவே அவர்கள் தனியாக ஒரு குழு வைத்துக்கொண்டார்கள். அதற்குள் நான் போக முடியாது. எங்கள் செட்டுத் தோழி ஒருவர் சொல்லக் கேட்டதுதான். மூட்டுவலி, மாதவிடாய் நிற்கும் காலத்துத் தூக்கமின்மை, மகளுக்கு வரன், மாமியாருக்கு டயப்பர் வாங்குவதில் எது மலிவு என்று எல்லாம் பேசுகிறார்கள். ஆண்கள் குழுவைவிட அங்கே கேலி கூடுதல் என்பது அவருடைய சாட்சியம். இரவு பத்தரைக்கு, பாத்திரம் கழுவி முடித்த பிறகுதான் குழு களை கட்டுமாம். “எல்லா இடத்துலயும் நான் யாருக்காவது அம்மா, இல்லன்னா அண்ணி. இங்கதான் என்னைப் பேர் சொல்லி ‘வாடீ’ங்குறாங்க.”

ஆண்கள் குழுக்களுக்கு இதில் பொறுப்பு உண்டு. இரட்டை அர்த்த ஃபார்வர்டுகள் வந்து விழும் குழுவில் எந்தப் பெண்ணும் தங்க மாட்டார். ‘எல்லாம் ஜாலிக்குத்தான்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஒருவரை வெளியே தள்ளும் சிரிப்பை நட்பு என்று ஏற்க என்னால் முடியாது.

யாழ்ப்பாணத்தில் காலை, டொரன்டோவில் இரவு

ஈழத் தமிழர்களுக்கு இந்தக் குழுக்கள் இன்னும் ஆழமான தேவை. போர் ஒரு வகுப்பறையையே பல கண்டங்களுக்குச் சிதறடித்தது. ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் டொரன்டோ, லண்டன், பாரிஸ், சிட்னி என்று போய்ச் சேர்ந்தார்கள். கோடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் காலை 6 மணி என்றால் டொரன்டோவில் முதல் நாள் இரவு 8.30. ஒருவர் தேத்தண்ணியோடு குழுவைத் திறக்கும்போது மற்றவர் வேலை முடித்து வீடு வந்திருப்பார். “என்ன மச்சான், சுகமோ?” என்று தொடங்கும் அந்தப் பேச்சில் அம்மாவை டொக்டரிடம் யார் கூட்டிப் போவது என்பதும் இருக்கும், கணக்கு வாத்தியார் சுண்ணாம்புக் கட்டியால் எறிந்த கதையும் இருக்கும். பிறந்த ஊரில் தனியாக இருக்கும் தாய் தந்தையை எட்டிப் பார்த்துவர, ஊரில் தங்கிவிட்ட வகுப்புத் தோழன்தான் பலருக்கும் கை.

நண்பன் அனுப்பினால் நம்பிவிடுகிறோம்

நெருக்கத்தால் வரும் ஆபத்தும் பெரியது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த 65 வயதுப் பெண்ணை ஊரார் அடித்தே கொன்றார்கள். வழியில் குழந்தைகளுக்கு அவர் சாக்லேட் கொடுத்ததுதான் குற்றம். பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி அந்த நாட்களில் வட மாவட்டங்களில் பரவியிருந்தது. அதை அனுப்பியவர்களில் பெரும்பாலானவர்கள் கொலைகாரர்கள் இல்லை. ‘பிள்ளைகள் பத்திரம்’ என்ற அக்கறையோடு நண்பர்கள் நண்பர்களுக்கு அனுப்பியது. அந்த ஆண்டு ஜூலையில்தான் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது.

மருத்துவ வதந்திகளும் அப்படியே. கிராப்புக்குப் புற்றுநோய் என்று தெரிந்த அன்றே ‘எலுமிச்சையும் சோடாவும் போதும், கீமோ வேண்டாம்’ என்ற செய்தி எங்கள் குழுவிலும் வந்தது. மெடிக்கல் ரெப் நண்பன் உடனே தடுத்தான், “இத அவன் படிச்சு சிகிச்சைய நிறுத்துனா யாரு பொறுப்பு?” அனுப்பியவன் நீக்கினான். இப்படித் தடுக்க ஒருவர் இல்லாத குழுக்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

தேர்தல் வந்தால் பாதிக் குழுக்கள் உடைகின்றன. சாதிப் பெருமைப் பாடல் ஒன்றைப் போட்டதும், அதுவரை கலகலப்பாக இருந்த நண்பன் சத்தமில்லாமல் வெளியேறுவதைப் பல குழுக்கள் பார்த்திருக்கும். அவன் ஏன் போனான் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. பள்ளியில் அவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டதைச் சந்திப்பு மேடையில் பேசுகிறவர்கள், அந்தப் பாடலைப் போட்டவனை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

பணம் இன்னொரு பள்ளம். நண்பன் சொன்னான் என்று சீட்டிலும் இரட்டிப்புத் திட்டத்திலும் போட்டு இழந்தவர்கள் ஏராளம். நண்பனின் கணக்கைத் திருடி, ‘அவசரம், இருபதாயிரம் அனுப்பு’ என்று கேட்கும் மோசடியும் நடக்கிறது. பணம் கேட்டுச் செய்தி வந்தால் ஒரு போன் செய்து குரலைக் கேட்ட பிறகு அனுப்புங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

பெட்டிச் செய்தி: அட்மின் கவனத்துக்கு

● குழுவில் மற்றவர் போடும் பதிவுக்கு அட்மின் பொறுப்பாவாரா? வேறு எந்தப் பங்கும் இல்லாமல் அட்மினாக மட்டுமே இருந்தவரின் பெயரைக் குற்றப்பத்திரிகையிலிருந்து நீக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கூறியது. 2022-ல் கேரள உயர் நீதிமன்றமும் இதே திசையில் தீர்ப்பளித்தது.

● குழுவின் உச்ச அளவு 2014-ல் 100 பேர். 2016-ல் 256, 2022-ல் முதலில் 512, பிறகு 1,024.

● ஆயிரம் பேரைச் சேர்க்க முடியும் என்பதற்காகச் சேர்க்க வேண்டாம். ஐம்பதைத் தாண்டும்போது அரட்டை அடங்கி அறிவிப்புப் பலகையாகிவிடுகிறது. கேலி செய்யத் தைரியம் வராத இடத்தில் உதவி கேட்கவும் தைரியம் வராது.

பேசாதவர்களைப் பற்றி

எல்லாக் குழுவிலும் படித்துவிட்டுப் பேசாமல் இருப்பவர்கள்தான் பெரும்பான்மை. அதில் தவறில்லை. கவலைப்பட வேண்டியது, தினமும் பேசிக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று நிறுத்தும்போதுதான். கடன், மனைவியோடு பிரிவு, மகனின் குடிப்பழக்கம், காரணம் சொல்லத் தெரியாத சோர்வு. இவற்றை ஐம்பது பேர் முன்னால் யாரும் எழுத மாட்டார்கள். பதிலுக்கு வரும் கும்பிடும் கைகள் அவர்களை இன்னும் உள்ளே தள்ளும். அந்த நேரத்தில் குழுவால் செய்ய முடிந்தது ஒன்றுதான், அவர் பேசவில்லை என்பதைக் கவனிப்பது. கவனித்த ஒருவர் தனியாக அழைத்துப் பேச வேண்டும். முடிந்தால் நேரில் போக வேண்டும்.

நண்பர்கள் மனநல மருத்துவர்கள் இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். விரக்தியின் விளிம்பில் ஒருவர் பேசினால் அவரைத் தனியாக விடாதீர்கள். சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புப் பணியில் இருக்கும் ‘சினேகா’ அமைப்பின் எண் 044-24640050. தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104. மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. மூன்றையும் குழுவின் விவரப் பகுதியில் எழுதிவையுங்கள். கூடவே ஒவ்வொருவரின் ரத்த வகையும் இருக்கட்டும்.

பிறகு உறுப்பினர் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழ் வரை ஒருமுறை பாருங்கள். கடந்த சில மாதங்களாகப் பேசாத பெயர் ஒன்று நிச்சயம் கண்ணில் படும். அவருக்குச் செய்தி அனுப்ப வேண்டாம். இன்று மாலை அழையுங்கள். என்ன பேசுவதென்று தெரியவில்லையா? பள்ளியில் நீங்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.